மிசோரி ஆற்றில் நான்கு நாள்: மொன்டானாவின் வெண்பாறைப் பகுதிக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஃபோர்ட் பென்டன் என்று ஒரு சிற்றூர். அங்கிருந்து கிழக்கே ஃப்ரெட் ராபின்சன் பாலம் வரை மிசோரி ஆறு 149 மைல், அதாவது ஏறத்தாழ 240 கிலோமீட்டர் ஓடுகிறது. இந்தத் தூரத்துக்குள் ஆற்றின் குறுக்கே ஓர் அணைகூட இல்லை. ஃபோர்ட் பென்டனையும் அடுத்து வரும் லோமாவையும் தாண்டிவிட்டால் கரையில் ஊர் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. 1976-இல் இந்த 149 மைலையும் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட ஆறாக அறிவித்தார்கள். 2001 ஜனவரியில், அதிபர் கிளின்டன் பதவியிலிருந்து இறங்குவதற்கு மூன்று நாள் முன்பு, சுற்றியுள்ள அரசு நிலத்தையும் தேசிய நினைவுச் சின்னமாக்கினார். அப்பர் மிசோரி ரிவர் பிரேக்ஸ் என்பது அதன் பெயர். பிரேக்ஸ் என்றால் சமவெளி திடீரென்று உடைந்து, ஓடைகளும் பள்ளங்களுமாக ஆற்றை நோக்கிச் சரியும் நிலம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், மற்ற எல்லாத் திட்டமும் இதைப் பொறுத்ததுதான். இந்த இடத்தைக் காரில் போய்ப் பார்க்க முடியாது. நெடுஞ்சாலையில் போகிறவருக்குக் கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயல் மட்டுமே தெரியும். ஆறு பல நூறு அடி கீழே, தனக்கென்று வெட்டிக்கொண்ட பள்ளத்தாக்கில் ஓடுகிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் படகில் இறங்கி, இரவு கரையில் தங்கி, நீரோட்டத்தின் வேகத்திலேயே போக வேண்டும். பயப்பட வேண்டாம், இதற்குப் பெரிய திறமை தேவையில்லை. மலையாறுகளில் வருவதுபோல் பாறைகளில் மோதிச் சீறும் வெள்ளம் இங்கே இல்லை. துடுப்புப் போடக் கற்றுக்கொண்ட யாரும் போகலாம். வேண்டியது பொறுமையும் ஒரு நாள் கூடுதல் அவகாசமும்.

எந்தப் பகுதி?

149 மைலும் போக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். முதன்முறை போகிறவர்கள் அதற்கு ஆசைப்பட வேண்டாம். ஆற்று வரைபடங்களில் ஃபோர்ட் பென்டனைப் பூஜ்ஜியமாக வைத்து மைல் எண் போட்டிருக்கிறார்கள். அந்த எண்களை வைத்தே எல்லோரும் பேசுவார்கள், நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.

மேல்பகுதி, ஃபோர்ட் பென்டனிலிருந்து கோல் பேங்க்ஸ் துறை வரை சுமார் 42 மைல். வரலாறு நிறைய உண்டு, ஆனால் காட்சி மிதமானது. நடுப்பகுதி, கோல் பேங்க்ஸிலிருந்து ஜூடித் லேண்டிங் வரை 47 மைல். வெண்பாறைகள் இங்கேதான் இருக்கின்றன. கீழ்ப்பகுதி, ஜூடித் லேண்டிங்கிலிருந்து ராபின்சன் பாலத்தருகே உள்ள கிப் முகாம் வரை 61 மைல். வெண்பாறை முடிந்து, சாம்பல் நிறத்தில் மடிப்பு மடிப்பாக எழும் வறண்ட குன்றுகள் தொடங்குகின்றன. ஆள் நடமாட்டம் குறைவு, விலங்குகள் அதிகம்.

நடுப்பகுதியைத்தான் நான் சொல்வேன். பலர் அதை இரண்டு இரவில் முடித்துவிடுகிறார்கள். மூன்று இரவு எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று காற்றைப் பற்றிச் சொல்லும்போது தெரியும்.

எப்போது?

மலைப்பனி உருகி வரும் மே கடைசியிலும் ஜூன் முற்பாதியிலும் தண்ணீர் அதிகம், வேகமும் அதிகம், குளிரும் அதிகம். ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை ஆறு அமைதியாக இருக்கும். ஜூலையில் கொசுத்தொல்லை கடுமை. ஆகஸ்டில் வெயில் 38 டிகிரியைத் தொடும், காட்டுத்தீ அபாயத்தால் நெருப்பு மூட்டத் தடையும் வரலாம். என் விருப்பம் செப்டம்பர் முதல் இரண்டு வாரம். கொசு அடங்கியிருக்கும், கூட்டம் இருக்காது, காட்டன்வுட் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கும். ஆனால் இரவில் குளிர் உறைநிலைக்குப் பக்கத்தில் இறங்கும், அதற்கேற்ற தூங்கும் பை வேண்டும். இன்னொன்று, ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மோட்டார் படகுகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. அந்த நாட்களில் ஆற்றில் இருக்கும் அமைதியே தனி.

படகும் காரும்

கிரேட் ஃபால்ஸ் நகரத்துக்கு விமானத்தில் வந்து, காரில் வடகிழக்கே 40 மைல் போனால் ஃபோர்ட் பென்டன். அந்த வட்டாரத்தில் கேனூ படகை வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் காரை நீங்கள் கரையேறும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும் வேலையையும் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். இதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். கோல் பேங்க்ஸிலிருந்து ஜூடித் லேண்டிங்குக்குச் சாலைவழி பிக் சாண்டி என்ற ஊரைச் சுற்றிப் போகிறது, பெரும்பகுதி கப்பிச் சாலை. கார் எந்தத் துறையில் நிற்கும், சாவி எங்கே இருக்கும் என்பதைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் முதன்முறை போனபோது வாய்ப்பேச்சோடு விட்டுவிட்டேன். நான்காம் நாள் மாலை கரையேறிப் பார்த்தால் கார் வரவில்லை. செல்பேசிக்கும் சிக்னல் இல்லை. அந்த வழியாக வந்த ஒரு விவசாயி தன் வண்டியில் ஏற்றிக்கொண்டதால் அன்று தப்பித்தோம்.

கேனூவா கயாக்கா என்று கேட்பார்கள். தண்ணீர், சமையல் சாமான், கழிப்பறைப் பெட்டி எல்லாம் ஏற்ற வேண்டும், ஆகவே கேனூதான் வசதி. இருவருக்கு ஒரு கேனூ போதும்.

ஃபோர்ட் பென்டனில் ஒரு நாள்

நேராகத் துறைக்குப் போகாதீர்கள். ஆற்றங்கரையில் நில மேலாண்மைத் துறையின் தகவல் மையம் இருக்கிறது. மைல் எண் போட்ட, தண்ணீரில் நனையாத வரைபடம் அங்கே கிடைக்கும். வாங்காமல் கிளம்பக் கூடாது. எந்த முகாமில் என்ன வசதி, நீர்மட்டம் எவ்வளவு, நெருப்புத் தடை இருக்கிறதா, கட்டணம் எவ்வளவு என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம்.

அப்புறம் கரையோரமாக நடந்து பாருங்கள். இந்த ஊர் ஒரு காலத்தில் கடலிலிருந்து மிகத் தொலைவில் இருந்த உள்நாட்டுத் துறைமுகங்களில் ஒன்று. செயின்ட் லூயிஸில் தொடங்கி 2,000 மைலுக்கு மேல் மிசோரியை எதிர்த்து வரும் நீராவிப் படகுகள், இதற்கு மேல் போக முடியாமல் நின்ற இடம். 1846-இல் தோல் வணிகக் கம்பெனி இங்கே பக்கத்தில் கோட்டை போட்டது. 1860 ஜூலை 2-ஆம் தேதி சிப்பேவா, கீ வெஸ்ட் என்ற இரண்டு படகுகள் முதன்முதலாக வந்து சேர்ந்தன. மேற்கே தங்கம் கிடைத்ததும் கூட்டம் கொட்டியது. 1887-இல் ரயில் வந்ததும் படகுகள் நின்றுபோயின. பழைய கோட்டையின் சுடாத செங்கல் கொத்தளம் ஒன்று இன்னும் நிற்கிறது, 1882-இல் திறந்த கிராண்ட் யூனியன் ஹோட்டலும் நிற்கிறது.

ஷெப் என்ற நாயின் சிலையையும் பாருங்கள். 1936-இல் அதன் எஜமானரின் உடலை ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். அன்றிலிருந்து 1942-இல் சாகும் வரை, வரும் ரயில்களையெல்லாம் அந்த நாய் போய்ப் பார்த்து நின்றது.

கோல் பேங்க்ஸுக்குப் போகும் வழியில் லோமாவில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சிறிய குன்றின் மேல் ஏறினால் மரியாஸ் ஆறு மிசோரியில் கலப்பது தெரியும். 1805 ஜூன் தொடக்கத்தில், மேற்கே கடல்வரை வழி தேட அமெரிக்க அரசு அனுப்பிய லூயிஸ், கிளார்க் இருவரின் படை ஆற்றை எதிர்த்து வந்து இங்கே திகைத்து நின்றது. எது மிசோரி? வடக்கே இருந்து வருவது கலங்கல், அதுவரை அவர்கள் பார்த்த மிசோரியைப் போலவே. தெற்கே இருந்து வருவது தெளிவு. படையினர் ஏறக்குறைய எல்லோரும் கலங்கல்தான் மிசோரி என்றார்கள். தலைவர்கள் இருவர் மட்டும், மலையிலிருந்து வருகிற ஆறு தெளிவாகத்தான் இருக்கும் என்று தெற்கைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் இங்கேயே தங்கி இரு பக்கமும் போய்ப் பார்த்தபின்தான் நகர்ந்தார்கள். முடிவு சரிதான். படையினரும், தங்களுக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் பின்னால் வரத் தயார் என்றார்கள்.

எதை ஏற்றுவது

தண்ணீர்தான் முதல். ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் கணக்கு வைத்து, புறப்படும்போதே எல்லா நாளுக்கும் ஏற்றிவிடுங்கள். ஆற்று நீரை வடிகட்டிக் குடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். வண்டல் அவ்வளவு நுண்மையானது, வடிகட்டி சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். மேலே வயலும் மாட்டுப்பண்ணையும் இருப்பதால் அதில் கலந்து வருவதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கோல் பேங்க்ஸில் குடிநீர் கிடைக்கும்.

கழிப்பறை இல்லாத இடத்தில் இரவு தங்கினால், கையோடு எடுத்துச் செல்லும் கழிப்பறைப் பெட்டி கட்டாயம். கழிவை மண்ணில் புதைக்கக் கூடாது, திரும்ப எடுத்து வர வேண்டும். நெருப்பு மூட்ட உலோகத் தட்டு வேண்டும், தரையில் நேரடியாக மூட்டக் கூடாது. விழுந்து காய்ந்த விறகை மட்டும் எடுக்கலாம். நான் அதுவும் வேண்டாம், எரிவாயு அடுப்பே போதும் என்பேன். விமானத்தில் எரிவாயுக் குப்பியை ஏற்ற விடமாட்டார்கள், கிரேட் ஃபால்ஸில் இறங்கி வாங்குங்கள்.

படகில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை இருக்க வேண்டும் என்பது மொன்டானா சட்டம். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சிறு படகில் அதைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பெரியவர்களும் போட்டுக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வாடகைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில் செல்பேசி வேலை செய்யாது என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஊர்க் களிமண்ணை இங்கே கம்போ என்கிறார்கள். காய்ந்திருந்தால் கல் போல இருக்கும். ஒரு மழை பெய்தால் போதும், பசைபோல ஆகி, ஒவ்வோர் அடிக்கும் ஒரு தட்டு மண் காலோடு வரும். ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால் என்ற பேச்சின் பொருள் இங்கே படகை விட்டு இறங்கும்போது முழுதாகத் தெரியும். நழுவிப்போகும் செருப்பு உதவாது, வார் போட்டு இறுக்கிக் கட்டும் செருப்போ பழைய ஷூவோ வேண்டும். 1805 மே 31-ஆம் தேதி, இதே வெண்பாறைப் பகுதியில், லூயிஸின் ஆட்கள் அக்குள் அளவு குளிர்ந்த தண்ணீரில் நின்று படகைக் கயிறு கட்டி இழுத்தார்கள். சேறு காலணியைப் பிடித்து இழுத்ததால் வெறுங்காலோடு கூர்ங்கல் மேல் நடந்தார்கள் என்று லூயிஸ் எழுதி வைத்திருக்கிறார்.

காரோட்டிகளுக்கும் இதே எச்சரிக்கைதான். மழை பெய்த பிறகு இங்குள்ள மண்சாலைகளில் நான்கு சக்கர இயக்க வண்டியும் போக முடியாது. காய்ந்த பிறகு கிளம்புங்கள்.

முதல் நாள்: கோல் பேங்க்ஸிலிருந்து ஈகிள் கிரீக், 14 மைல்

துறையில் பெயர் பதிவு செய்துவிட்டு, முடிந்தால் காலை எட்டு மணிக்குள் தண்ணீரில் இறங்குங்கள். கனமான சாமானைப் படகின் நடுவில், தாழ்வாக வைத்து, எல்லாவற்றையும் கயிற்றால் கட்டுங்கள்.

நீரோட்டம் மணிக்கு மூன்று நான்கு மைல். கணக்குப் போட்டால் 14 மைல் நான்கு மணி நேரத்தில் முடிந்துவிட வேண்டும். ஆனால் பிற்பகலில் எதிர்க்காற்று எழுந்தால், துடுப்பை நிறுத்திய அடுத்த கணம் படகு பின்னால் போகும். கேனூவின் பக்கங்கள் உயர்ந்து நிற்பதால் காற்று அதைத்தான் முதலில் பிடிக்கும். அதனால்தான் விடிந்ததும் கிளம்பி மதியத்துக்குள் முகாம் சேருங்கள் என்கிறேன். காற்று பலமானால் வீரம் காட்ட வேண்டாம், கரையோரம் ஒதுங்கி, படகை மேலே இழுத்துக் கட்டிவிட்டு உட்கார்ந்து விடுங்கள். மூன்று இரவுத் திட்டம் இதற்குத்தான். அவசரமில்லாதவரைக் காற்று ஒன்றும் செய்யாது.

காற்று இல்லாத நேரத்தில் இரண்டு பேரும் துடுப்பை மடியில் வைத்துவிட்டு, பேச்சை நிறுத்திக் கேளுங்கள். படகின் அடியிலிருந்து மெல்லிய ஒரு சீறல் வரும். சூடான கல்லில் தண்ணீர் தெளித்தால் கேட்குமே, அதைவிட மெதுவாக, விடாமல். ஆறு கொண்டுபோகும் வண்டல் படகின் தோலை உரசும் சத்தம் அது. மொன்டானாவின் மண் கடலுக்குப் போய்க்கொண்டிருப்பதைக் காதால் கேட்கிறீர்கள்.

சுமார் பத்து மைலுக்குப் பிறகு கரைகள் வெளுக்கத் தொடங்கும். ஏறக்குறைய எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே இருந்த உள்நாட்டுக் கடலின் கடற்கரை மணல்தான் இந்த வெள்ளைப் பாறை. அதை ஊடுருவிக்கொண்டு, பிற்காலத்தில் பூமிக்குள்ளிருந்து உருகி மேலேறிய கருங்கல் செங்குத்தான சுவர்களாக நிற்கிறது. மணற்கல் கரைந்துபோக, கருங்கல் மட்டும் நிற்பதால் கோயில் மதிலைப் பார்ப்பது போலவே இருக்கும். வரிசை வரிசையாக, இணைப்பு மாறி மாறி, கொத்தனார் அடுக்கியது போல. லூயிஸும், மனிதனின் கொத்துவேலையோடு இயற்கை போட்டி போட்டது போல இருக்கிறதே என்று வியந்தார்.

ஈகிள் கிரீக் முகாமில் கூடாரம் போடும்போது காட்டன்வுட் மரத்துக்கு நேர் கீழே போடாதீர்கள். முதிர்ந்த மரங்களின் கிளைகள் காற்றே இல்லாமலும் முறிந்து விழும். இந்த மரங்கள் ஏன் எல்லாமே கிழடாக இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். காட்டன்வுட் விதை முளைக்க, வெள்ளம் வந்து புதிதாகப் போட்டுவிட்டுப் போகும் ஈர மணல் வேண்டும். ஆற்றின் மேற்பகுதியில் அணைகள் வந்தபின் பெருவெள்ளம் குறைந்துவிட்டது. அதற்கு முன்பே நீராவிப் படகுகளின் கொதிகலனுக்காக விறகுவெட்டிகள் நிறைய மரங்களைச் சாய்த்துவிட்டார்கள். இங்கே ஒரு இளங்கன்றைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

1805 மே 31 இரவு லூயிஸும் கிளார்க்கும் தங்கியது இந்த ஓடைக்குப் பக்கத்தில். லூயிஸின் அன்றைய நாட்குறிப்பைப் படியெடுத்துக் கொண்டுபோய், மாலை வெளிச்சத்தில் பாறைகளைப் பார்த்துக்கொண்டே படியுங்கள். அவர் வர்ணிக்கும் காட்சி அப்படியே எதிரே இருக்கும்.

இரண்டாம் நாள்: ஈகிள் கிரீக்கிலிருந்து ஹோல் இன் த வால், 7 மைல்

இன்று தூரம் குறைவு. காலையில் ஓடையோரம் நடந்து, மணற்கல்லில் தண்ணீர் அறுத்த ஒடுக்கமான பிளவுகளுக்குள் போய்ப் பாருங்கள். இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரும் தொடும். உள்ளே வெயில் படாது, கல் குளிர்ந்திருக்கும். சுவரில் விரலை ஓட்டினால் சர்க்கரை போல மணல் உதிரும். அவ்வளவு மெல்லிய கல், ஆகவே பெயர் கீறாதீர்கள். இங்கே ஊசிக்கண் என்று பெயர் பெற்ற அழகான ஒரு பாறை வளைவு இருந்தது. 1997-இல் யாரோ அதை உடைத்துத் தள்ளிவிட்டார்கள்.

மழை மேகம் தெரிந்தால் பிளவுக்குள் நுழையவே கூடாது. கிலுகிலுப்பைப் பாம்புகள் இந்தக் கற்களில் வாழ்கின்றன. கை வைக்கும் இடத்தையும் கால் வைக்கும் இடத்தையும் பார்த்து வையுங்கள். சத்தம் கேட்டால் நின்று, எங்கே இருக்கிறது என்று தெரிந்தபின் மெதுவாகப் பின்வாங்குங்கள். அதற்கும் உங்களோடு சண்டையில்லை.

படகில் ஏறினதும் லபார்ஜ் ராக், அதற்கப்பால் சிடடெல் ராக் என்று கருங்கல் குன்றுகள் தண்ணீரிலிருந்து எழும். 1833 ஆகஸ்டில் ஜெர்மானிய இளவரசர் மாக்ஸிமிலியனும் ஓவியர் கார்ல் போட்மரும் இந்த வழியே படகில் மேலேறிப் போனார்கள். போட்மரின் படங்களைச் செல்பேசியில் முன்பே இறக்கி வைத்துக்கொண்டால், ஒவ்வொரு குன்றையும் ஓவியத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவ்வளவு மாறாமல் இருக்கிறது.

ஹோல் இன் த வால் முகாமிலிருந்து பாறைத் துளை வரை மேலே ஏறலாம். கடைசிப் பகுதி ஒடுக்கம், இரு பக்கமும் பள்ளம். உயரம் ஆகாதவர்கள் பாதியிலேயே நிற்கட்டும், அங்கிருந்தும் ஆற்றின் வளைவு முழுதாகத் தெரியும்.

மூன்றாம் நாள்: ஸ்லாட்டர் ரிவர் முகாம், 14 மைல்

பாறைகள் மெல்லத் தாழ்ந்து பள்ளத்தாக்கு அகலமாகும். விலங்குகளைப் பார்க்க இதுதான் நல்ல நாள். பெருங்கொம்பு ஆடுகள் செங்குத்துச் சரிவில் நிற்கும். நிறம் மண்ணோடு ஒன்றிப்போவதால், முதலில் வெள்ளைப் பின்புறத்தைத் தேடுங்கள். இங்கே இருந்த பழைய இனத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் சுட்டுத் தீர்த்துவிட்டார்கள். இப்போது நீங்கள் பார்ப்பவை ராக்கி மலையிலிருந்து கொண்டுவந்து விட்டவற்றின் வழிவந்தவை. பெரிய காதுள்ள மியூல் மான்கள் காலையும் மாலையும் தண்ணீருக்கு இறங்கும். வெண்தலைக் கழுகு பட்டமரத்தில் உட்கார்ந்திருக்கும். வெள்ளைக் கூழைக்கடாக்கள் கோடையில் மணல் திட்டுகளில் கூட்டமாக நிற்கும். கழுத்தை மடக்கி, சிறகசைக்காமல் தண்ணீரை ஒட்டி வரிசையாகப் போகும்போது பார்க்க வேண்டும். பாறை விளிம்பின் அடியில் குடுவை குடுவையாகத் தெரிவது தகைவிலான்களின் மண்கூடு.

தண்ணீருக்கு அடியில், உங்கள் கண்ணுக்குப் படாமல், பல்லிட் ஸ்டர்ஜன் என்ற மீன் இருக்கிறது. டைனோசர் காலத்து மீன்குடும்பம். அணைகளுக்கு நடுவே முட்டையிட வழியில்லாமல் அருகிப்போய், 1990 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது.

கரடிகள் பழைய நாட்களில் இங்கே ஏராளம். நெடுங்காலம் இல்லாமலிருந்த பழுப்புக் கரடிகள், அண்மை ஆண்டுகளில் மலையிலிருந்து ஆறுகளைப் பிடித்துக்கொண்டு சமவெளிக்குத் திரும்பி வருகின்றன. ஆகவே உணவைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள், கரடி விரட்டும் தெளிப்பான் ஒன்று கையிலிருக்கட்டும்.

ஸ்லாட்டர் ரிவர், அதாவது படுகொலை ஆறு, என்ற பெயர் 1805 மே 29-இல் வந்தது. இந்த ஓடைப் பக்கம் அழுகிக் கிடந்த எருமை மந்தை ஒன்றை லூயிஸும் கிளார்க்கும் பார்த்தார்கள். அதற்கு முந்தைய இரவில்தான் ஓர் ஆண் எருமை ஆற்றைக் கடந்து வந்து, தூங்குகிறவர்களின் தலைமாட்டில் ஓடியது. லூயிஸின் நாய் சீமன் குரைத்து அதை விரட்டியிருக்கிறது.

இந்த வெள்ளையர் கதைகளை மட்டும் சுமந்துகொண்டு போகாதீர்கள். அவர்கள் எல்லைப்புறம் என்று எழுதிய இந்த ஆறு பிளாக்ஃபீட், குரோ வான்ட்ர, அசினிபாயின், கிரோ என்ற பூர்வகுடி மக்களின் வீட்டு வாசல். 1837-இல் கம்பெனிப் படகு வழியாகவே பெரியம்மை வந்து பிளாக்ஃபீட் மக்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. மேட்டு நிலத்தில் நடக்கும்போது புல்லுக்குள் வட்டமாகக் கற்கள் கிடந்தால், அது கூடாரத்தின் விளிம்பை அழுத்தி வைத்த கல். ஒரு குடும்பம் தூங்கிய இடம். உள்ளே மிதிக்காமல் சுற்றிப் போங்கள், ஒரு கல்லையும் நகர்த்தாதீர்கள். எலும்புப் புதைபடிவங்களையும் எடுக்கக் கூடாது, அது சட்டப்படி குற்றம்.

நான்காம் நாள்: ஜூடித் லேண்டிங், 11 மைல் சொச்சம்

ஜூடித் ஆறு கலக்கும் இடம் இது. பின்னாளில் தன் மனைவியான பெண்ணின் பெயரைக் கிளார்க் இந்த ஆற்றுக்கு வைத்தார். 1855 அக்டோபரில் அமெரிக்க அரசும் பிளாக்ஃபீட் மக்களும் உடன்படிக்கை செய்துகொண்டது இங்கே பக்கத்தில். அதே ஆண்டில் ஹேடன் என்ற நிலவியலாளர் இந்த வட்டாரத்தில் பொறுக்கிய பற்கள்தான், அமெரிக்காவில் முதன்முதலாக விவரித்து எழுதப்பட்ட டைனோசர் புதைபடிவங்களில் சேர்ந்தன.

துறை வலப்பக்கமா இடப்பக்கமா என்று வரைபடத்தில் முன்பே பார்த்து, அந்தக் கரையை ஒட்டியே கடைசி மைலை ஓட்டுங்கள். தாண்டிப் போய்விட்டால் எதிர்நீச்சல் போட்டுத் திரும்புவது பெரும்பாடு. கரையேறியதும் படகை ஆற்று நீரால் கழுவி, உள்ளே தேங்கியதை வடித்துக் காயவிடுங்கள். அயல் உயிரினங்கள் ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் போவது ஈரப் படகில்தான்.

செப்டம்பரில் போயிருந்தால், ஊருக்குத் திரும்பும் முன் ஒரு மாலையைக் கீழ்க்கோடிக்கு ஒதுக்குங்கள். நெடுஞ்சாலை 191-இல் ஃப்ரெட் ராபின்சன் பாலத்தருகே சார்லஸ் எம். ரஸ்ஸல் வனவிலங்குக் காப்பகத்தில் ஸ்லிப்பரி ஆன் என்ற இடம் இருக்கிறது. இதற்கு மேலே ஆற்றுக்குள் கௌ தீவு இருக்கிறது. 1877 செப்டம்பர் 23-இல், அமெரிக்கப் படை துரத்த, சுமார் 700 நெஸ் பெர்ஸ் பூர்வகுடி மக்கள் குழந்தைகளோடும் குதிரைகளோடும் கனடாவை நோக்கி அங்கேதான் இந்த ஆற்றைக் கடந்தார்கள். எல்லைக்கு 40 மைல் இருக்கும்போது பிடிபட்டார்கள்.

ஸ்லிப்பரி ஆனில் சூரியன் இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய், காரை ஒதுக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்காருங்கள். காரை விட்டு இறங்க வேண்டாம். வெளிச்சம் மங்கியதும் காட்டன்வுட் மரங்களுக்குள்ளிருந்து எல்க் மான்கள் ஒவ்வொன்றாகப் புல்வெளிக்கு வரும். முதலில் பெண்மான்கள், பிறகு கொம்பைப் பின்னால் சாய்த்தபடி கிடா. அது கழுத்தை நீட்டிக் கத்தும் சத்தம் புல்லாங்குழல் மாதிரி உயர்ந்துபோய், கடைசியில் கரகரத்து அடங்கும். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து இன்னொரு கிடா பதில் கொடுக்கும்.